ஹேஷ் மேப்புக்கு கீயா வைக்கிற ஐடி கிளாஸ எப்படி எழுதணும் – ஒரு ரங்கூன் அன்னதான லிஸ்ட்ட வச்சு

போன ஆடி மாசம் எங்க ஏரியா கோயில்ல அன்னதான வசூல் எழுதுறதுக்கு ஒரு சின்ன ப்ரோகிராம் பண்ணிக் கொடுத்தேன். பெருசா ஒண்ணுமில்ல, ஒரு ஹேஷ் மேப், அதாவது கீய சொன்னா அதுக்குண்டான வேல்யூவ எடுத்துக் கொடுக்குற பட்டியல், அதுல ஆளு கீ, கொடுத்த தொகை வேல்யூ, அவ்வளவுதான். மூணாவது நாளு ஒரு அத்தை வந்து நிக்கிறாங்க. "ஏன் தம்பி, நான் முதல் நாளே கட்டிட்டேன், இந்தப் புள்ள மறுபடியும் கேக்குது"ன்னு. பேரு சௌந்தரம். லேப்டாப்ல தேடினா அப்படி ஒரு ஆளே இல்லங்குது, ஆனா லிஸ்ட்ட மொத்தமா எறக்கிப் பாத்தா பதினோராவது வரியில அத்தை பேரு ஜம்முனு உக்காந்திருக்கு. கண்ணுக்குத் தெரியுது, கேட்டா இல்லன்னு சொல்லுது. அத்தை என்னைய ஒரு பார்வை பாத்தாங்க, அப்புறம் ஒண்ணும் பேசாம பர்ஸ தொறந்து ரெண்டாவது தடவை கட்டிட்டுப் போயிட்டாங்க.

இந்த "இருக்கு ஆனா இல்ல" பிரச்சனை வந்தா முக்கால்வாசி நேரம் மேப்பு மேல தப்பு இருக்காது, நாம கீயா வச்ச பொருள் மேலதான் இருக்கும். அது ஏன்னு புரியணும்னா முதல்ல ஹேஷ் மேப் எப்படித் தேடுதுன்னு தெரியணும், அதுக்கு ரங்கூன்காரங்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு.

ஷ்வேடகோன் பயாவுக்கு, அதான் ரங்கூன்ல இருக்குற பெரிய புத்தர் கோயிலுக்கு, போயிருப்பீங்க. மேல சுத்தி வர்றப்ப கெழமைக்கு ஒரு மூலை இருக்கும், அங்க ஒரு சின்ன புத்தர், கீழ ஒரு மிருகம், திங்கள்னா புலி, செவ்வாய்னா சிங்கம், வியாழன்னா எலி. புதன் மட்டும் காலைல பொறந்தவங்களுக்கு ஒண்ணு மதியத்துக்கு மேல பொறந்தவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு, அதனால ஏழு நாளுக்கு எட்டு மூலை. எல்லாரும் அவங்கவங்க மூலைக்குப் போயி தண்ணி ஊத்துவாங்க. இப்ப உங்க மாமா அங்க போயிருக்காரு, போன எடுக்கல, கூட்டம் அலை மோதுது. நீங்க பயாவ முழுசா சுத்தி ஒவ்வொரு மூஞ்சியா பாப்பீங்களா? மாட்டீங்க. மாமா செவ்வாக்கெழமை பொறந்தவரு, நேரா தென்கெழக்கு மூலைக்குப் போவீங்க, சிங்கத்துக்கிட்ட நிக்கிற பத்து பேர்ல மாமா மூஞ்சி எதுன்னு பாப்பீங்க.

ஹேஷ் மேப் செய்யறதும் இதேதான், ரெண்டே வேலை. பொறந்த கெழமை கேக்குறது ஹேஷ்கோட். மூலைக்குப் போனப்புறம் மூஞ்சியப் பாத்து "இவருதான்"னு முடிவு பண்றது ஈக்வல்ஸ். மூலைக்கு அங்க பேரு பக்கெட். ஐபிஎம்ல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953ல இந்த யோசனைய ஒரு உள் குறிப்பா எழுதி வச்சாரு, இன்னைக்கு ஜாவா பைத்தான் எல்லாத்துலயும் அடிப்படை அதேதான். ஜாவாவோட ஹேஷ்மேப் சும்மா ஆரம்பிச்சா 16 பக்கெட்டோட ஆரம்பிக்கும், உள்ள 12 பேரு தாண்டினதும் 32 ஆக்கிக்கும், அப்புறம் 64, இப்படியே. பயாவுக்கு அந்த வசதி இல்ல, கூட்டம் கூடுனாலும் எட்டே மூலைதான்.

ஐடி கிளாஸ், அதாவது ஆள அடையாளம் காட்ட கீயா வைக்கிற பொருளோட வகை, அத எழுதுறவங்க காக்க வேண்டிய சட்டம் எல்லாம் இதுலயே அடங்கியிருக்கு. ரெண்டு ஐடி ஒரே ஆளுன்னு ஈக்வல்ஸ் சொன்னா ரெண்டுக்கும் ஹேஷ் ஒண்ணாதான் வரணும், இல்லன்னா ஒரே ஆள வச்சது ஒரு மூலை, தேடுறது வேற மூலைன்னு ஆயிடும். இதத் திருப்பிப் போட்டா உண்மை கிடையாது, ஹேஷ் ஒண்ணா இருக்குறதால ஒரே ஆள்னு அர்த்தம் இல்ல, செவ்வாக்கெழமை பொறந்தவங்க எல்லாரும் உங்க மாமாவா என்ன? ஜாவா ஸ்ட்ரிங்கிலேயே இதுக்கு கைல கணக்கு போட்டுப் பாக்குற மாதிரி உதாரணம் இருக்கு. இங்கிலீஷ்ல பெரிய ஏ சின்ன ஏ சேர்ந்த ரெண்டெழுத்து சொல்ல எடுத்துக்கோங்க, பெரிய ஏ 65, சின்ன ஏ 97, முதல் எழுத்த 31ஆல பெருக்கி அடுத்தத கூட்டணும், 2015 கூட்டல் 97, 2112. இப்ப ரெண்டு பெரிய பி, ஒரு பி 66, பெருக்குனா 2046, கூட 66, அதுவும் 2112. ரெண்டு வேற வேற சொல்லு, ஹேஷ் ஒண்ணு. மேப் இதுக்கெல்லாம் அசராது, ஒரே மூலையில ரெண்டையும் நிக்க வச்சு ஈக்வல்ஸ வச்சு பிரிச்சுக்கும்.

ஈக்வல்ஸ் மட்டும் எழுதிட்டு ஹேஷ்கோட மறந்துட்டா ஜாவா ஒண்ணும் சொல்லாது, ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் அதுவா ஒரு ஹேஷ் போட்டுக்கும், ஒரே நம்பர்ல புதுசா ஒரு ஐடி செஞ்சு தேடினா கெடைக்காது. பைத்தான் 3 இதுல கொஞ்சம் கறாரு, ஈக்வல்ஸ் மட்டும் எழுதின கிளாஸ கீயா வச்சா அங்கேயே எர்ரர் அடிச்சு நிறுத்திடும். எனக்கு பைத்தான் செய்யறதுதான் புடிக்கும், திட்டுறதா இருந்தா மூஞ்சிக்கு நேரா திட்டிடணும்.

அடுத்தது, எனக்கு நானே வச்சுக்கிட்ட ஆப்பு. முதல் தடவை ஜாவால எழுதினப்ப கீ கிளாஸ்ல பேரு, போன் நம்பர், தெரு மூணையும் போட்டு, எடிட்டர்ல ஒரு பட்டன அமுக்கி ஈக்வல்ஸ் ஹேஷ்கோட் ரெண்டையும் அதுவே எழுத விட்டுட்டேன். அது பாவம் இருக்குற மூணையும் சேர்த்து கணக்கு போட்டுச்சு. அப்புறம் ஒரு அண்ணன் சிம் கார்ட மாத்திட்டாரு, நானும் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ள போன் நம்பர மட்டும் மாத்தி விட்டேன், முடிஞ்சது கதை. மேப் அவர பழைய நம்பர் வச்சு கணக்கு போட்ட மூலையில நிக்க வச்சிருக்கு, இப்ப தேடுறப்ப புது நம்பருக்கு கணக்கு போட்டு வேற மூலைக்குப் போகுது. அதிர்ஷ்டத்துல ரெண்டுக்கும் ஒரே மூலை வந்தாக்கூட ஜாவால தப்பிக்க முடியாது, ஏன்னா உள்ள வச்சப்ப இருந்த ஹேஷ அது பக்கத்துலயே எழுதி வச்சிருக்கும், மொதல்ல அத ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் மூஞ்சியவே பாக்கும். பழைய நம்பர சொல்லித் தேடினாலும் கெடைக்காது, மூலை சரி ஆனா மூஞ்சி மாறிப் போச்சு. அழிக்கவும் முடியாது. லிஸ்ட்டா எறக்குனா மட்டும் பேய் மாதிரி வந்து நிக்கும்.

அதனாலதான் பொறந்த கெழமை நல்ல உதாரணம், அது சாகுற வரைக்கும் மாறாது. ஐடி கிளாஸ்க்குள்ள இருக்குற எதையும் ஒருதரம் செஞ்சப்புறம் மாத்த வழியே விடக்கூடாது, ஃபைனல்னு போடுங்க, உள்ள இருக்குறத மாத்துற செட்டர் ஃபங்ஷன் எழுதவே எழுதாதீங்க. ஜாவா 16 இல்ல அதுக்கு மேல இருந்தா ரெக்கார்ட் போதும், பைத்தான்னா ஃப்ரோசன் போட்ட டேட்டாகிளாஸ், ஈக்வல்ஸும் ஹேஷும் அதுவே சேர்ந்து வரும். ரெக்கார்ட்லயும் ஒரு குழி இருக்கு, உள்ள பைட் அர்ரே மாதிரி எதையாவது வச்சா அது உள்ள இருக்குற எண்ணுங்கள ஒப்பிடாது, அதே அர்ரேதானான்னு மட்டும்தான் பாக்கும், அதனால ஐடிக்குள்ள அர்ரே வேண்டாம்.

சரி, மாறாத ஒண்ணு வேணும், எத வைக்கலாம்? பேருன்னு தோணும், ஆனா இந்த ஊர்ல பேர நம்பி கீ வச்சா அவன் தொலைஞ்சான். பர்மாக்காரங்களுக்கு குடும்பப் பேரு கிடையாது, பொறந்த கெழமைக்கு ஏத்த எழுத்துல பேரு வைக்கிறது வழக்கம், அதனால ஒரே பேர்ல ஒரே தெருவுலயே நாலு பேரு இருப்பாங்க. நம்மாளுங்களுக்கோ ஸ்கூல்ல கார்டுல ஒரு பர்மா பேரு, வீட்ல கோயில்ல ஒரு தமிழ் பேரு, ஒருத்தருக்கே ரெண்டு. பேர மாத்திக்கிட்டேன்னு பேப்பர்ல விளம்பரம் கொடுக்குறதும் இங்க சர்வ சாதாரணம்.

என்ஆர்சி நம்பர், அதான் பர்மா அடையாள கார்டு நம்பர்? பாத்தா நல்லாதான் இருக்கு, முதல்ல மாநில நம்பர், ரங்கூன்னா 12, மண்டலைன்னா 9, மோல்மேன் பக்கத்து ஆளுங்களுக்கு 10, அப்புறம் சாய்கோடு, டவுன்ஷிப்போட சுருக்கெழுத்து, அடைப்புக்குறிக்குள்ள எந்த வகைக் குடிமகன்னு ஒரு எழுத்து, கடைசில ஆறு இலக்கம். ஆனா அந்த நடு எழுத்து என்னன்னு நம்ம ஜனங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, 1982 சட்டத்துல மூணு வகைக் குடிமகன், ஒரு வகையில இருந்து இன்னொண்ணுக்கு போறதுக்கு வருஷக்கணக்கா அலைஞ்சவங்க எத்தனை வீட்ல இருக்காங்க. அப்படி மாறக்கூடிய ஒண்ண கீக்குள்ள வச்சா சிம் மாத்துன அண்ணன் கதைதான். கார்டே இல்லாத பெரியவங்களும் வர்றாங்க, அவங்கள என்ன பண்றது? அதுக்கு மேல, ஊர்ல உள்ளவங்க கார்டு நம்பர எல்லாம் ஒரு கோயில் லேப்டாப்ல சேர்த்து வைக்கிறதே எனக்கு சரியாப் படல.

நான் கடைசியா செஞ்சது, நாமளா ஒரு நம்பர் கொடுக்குறது. வர்றவங்களுக்கு வரிசையா 1, 2, 3, அதுக்கு உறுப்பினர் ஐடின்னு ஒரு கிளாஸ், உள்ள ஒரே ஒரு லாங், அதாவது ஜாவால பெரிய முழு எண்ணு வகை, வேற எதுவும் கிடையாது. பேரு, போன், தெரு எல்லாம் வேல்யூ பக்கம் போயிடுச்சு, அங்க எத்தனை தடவை மாத்துனாலும் மேப்புக்குக் கவலை இல்ல.

உள்ள ஒரே ஒரு லாங்தான்னா அப்புறம் எதுக்குத் தனியா கிளாஸ், லாங்கயே கீயா வைக்கலாமேன்னு கேப்பீங்க. வைக்கலாம், ஆனா உறுப்பினர் நம்பர் 417, ரசீது நம்பரும் 417, ரெண்டும் வெறும் லாங்னா ரசீத எடுத்து உறுப்பினர் கேக்குற ஃபங்ஷனுக்குள்ள கொடுத்தா கம்பைலர் பேசாம வாங்கிக்கும், யாரோ கட்டுனது யாரு கணக்குலயோ ஏறும். தனித்தனி கிளாஸா இருந்தா அங்கேயே கைய புடிச்சுரும். இதுல ஜாவால ஒரு ஓட்டை, கீய கொடுத்து வேல்யூ கேக்குற கெட் ஃபங்ஷன் எந்த ஆப்ஜெக்ட்ட கொடுத்தாலும் வாங்கும், டைப் பாக்காது. கீ லாங்கா இருக்குற மேப்ல கெட்டுக்குள்ள சும்மா 417ன்னு அடிச்சுப் பாருங்க, அது இண்டிஜரா, அதாவது லாங்க விட சின்ன முழு எண்ணு வகையாப் போகும், ரெண்டோட ஹேஷும் 417தான், மூலையும் சரி, ஆனா லாங்கும் இண்டிஜரும் ஈக்வல்ஸ்ல ஒண்ணாகாது, ஒண்ணும் இல்லன்னு அர்த்தமாகுற நல்ங்குற பதில் மட்டும் வரும். நான் இதுல ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன், கரண்ட் வேற விட்டு விட்டு வந்துச்சு. அதனால அந்த கெட் ஃபங்ஷன நேரா கூப்பிடாம, உறுப்பினர் ஐடி மட்டும்தான் வாங்குவேன்னு சொல்ற ஒரு சின்ன ஃபங்ஷன் வழியா கூப்பிடுறது என் பழக்கம்.

ஆனா எல்லா எடத்துலயும் நாமளே நம்பர் கொடுக்க முடியாது. வாசல்ல உக்காந்திருக்குற புள்ளைக்கு அத்தையோட நம்பர் 11னு எப்படித் தெரியும், பேர அடிச்சுத்தான் தேடும், போன் நம்பர அடிச்சுத்தான் தேடும். அப்ப எழுத்தா வர்ற ஒண்ணும் கீ ஆகுது. அங்கதான் சௌந்தரம் அத்தை மாட்டுனாங்க, இத கொஞ்சம் கிட்டப் போயிப் பாக்கணும்.

முதல் நாள் அடிச்சவன் செளந்தரம்னு அடிச்சிருக்கான், மூணாவது நாள் தேடின புள்ள சௌந்தரம்னு அடிச்சிருக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான தெரியுது? முதல்ல இருக்குறது ச, ஒற்றைக் கொம்பு, அப்புறம் முழுசா ஒரு ள எழுத்து. ரெண்டாவதுல இருக்குறது ச, அதோட ஔகாரக் குறி, மொத்தமே ஒரு குறிதான். கம்ப்யூட்டருக்கு இது சுத்தமா வேற வேற சொல்லு, ஹேஷ் வேற, ஈக்வல்ஸும் இல்லன்னுதான் சொல்லும். இதே மாதிரி கொ எழுத்தையும் ரெண்டு வகையா சேர்க்கலாம், ஒகரக் குறி ஒண்ணே போட்டும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியா போட்டும் அடிக்கலாம், ஆனா அது ரெண்டும் ஒண்ணுதான்னு எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்குற யூனிகோடுக்கே தெரியும், அதுல என்எஃப்சி நார்மலைசேஷன்னு இருக்குற சீர்படுத்துற முறைய போட்டா ஒண்ணாகிடும். ள போட்டு ஏமாத்துனது யூனிகோடுக்குத் தெரியாது, அதுக்கு நாமளேதான் கொம்புக்குப் பின்னாடி ள வந்தா என்ன பண்றதுன்னு யோசிக்கணும், அதையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்த முடியாது, வெள்ளையன்ல வர்ற ள உண்மையான ள. நான் சொல்லோட முதல் எழுத்து செ, மெ, கெ மாதிரி நாலஞ்சுல இருந்தா மட்டும் "இதுவா அதுவா"ன்னு வாசல்ல இருக்குறவங்களக் கேக்குற மாதிரி வச்சேன், தானா மாத்த விடல.

பர்மா எழுத்து இன்னும் பெரிய கூத்து. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுறதா அறிவிச்சாங்க, ஆனா அதுக்கு முந்தி பெரும்பாலான போன்ல சாகீங்கிற பழைய பர்மா எழுத்து முறைதான், பழைய போன் வச்சிருக்குறவங்க அனுப்புற பேரு இன்னும் சாகீல வருது. சாகீல எழுத்துக்கு முன்னாடி தெரியிற குறிய முன்னாடியே சேமிக்கும், யூனிகோட்ல எழுத்துக்குப் பின்னாடி சேமிக்கணும், அப்ப ஒரே பேரு ரெண்டு போன்ல ரெண்டு கீ. இத என்எஃப்சி சரி பண்ணாது, கூகுள் விட்டிருக்குற மியான்மர் டூல்ஸ் மாதிரி ஒண்ண வச்சு இது சாகீயான்னு கண்டுபிடிச்சு மாத்திட்டுத்தான் உள்ள விடணும். இது பத்தாதுன்னு பர்மா சைபரும் வ எழுத்தும் பாக்க அச்சு அசலா ஒண்ணு, வட்டம்தான், நெறைய பேரு நம்பர் அடிக்கிறப்ப சைபருக்குப் பதிலா வ அடிச்சிட்டுப் போயிடுவாங்க. பர்மா இலக்கத்த நம்ம 1, 2, 3க்கு மாத்துறது ஜாவால சுலபம், கேரக்டர் கிளாஸ்ல டிஜிட்டுன்னு இருக்குறது பர்மா இலக்கத்தையும் புரிஞ்சுக்கும், வ எழுத்த மட்டும் அது இலக்கம்னு ஒத்துக்காது, இலக்கம் மட்டுமே வர வேண்டிய எடத்துல வ வந்தா அத சைபரா எடுத்துக்கோன்னு நாமதான் சொல்லணும். போன் நம்பர்லயும் ஒருத்தரு 09னு ஆரம்பிப்பாரு, இன்னொருத்தரு +959னு, நடுவுல ஒருத்தரு ஸ்பேஸ் விடுவாரு இன்னொருத்தரு கோடு போடுவாரு.

இதையெல்லாம் எங்க வச்சுத் துடைச்சு ஒரே மாதிரி ஆக்கணும்ங்கிறதுதான் கிளாஸ் எழுதுறதுல முக்கியமான எடம். ஈக்வல்ஸ்க்குள்ள வச்சுத் துடைச்சேன்னு ஒருத்தன் எழுதியிருந்தத பாத்திருக்கேன், ஹேஷ்கோட்ல துடைக்க மறந்துட்டான், ஈக்வல்ஸ் ஒண்ணுன்னு சொல்லுது, மூலை ரெண்டா இருக்கு, போச்சு. ஐடி உருவாகுறப்ப ஓடுற கன்ஸ்ட்ரக்டர்லயே துடைச்சிடுங்க. உள்ள வர்றப்பவே செருப்ப வெளிய விட்டுட்டு கால் கழுவிட்டு வரணும், அப்புறம் உள்ள யாரும் யாரையும் சோதிக்க வேண்டாம். துடைக்க முடியாத மாதிரி வந்தா ஐடி செய்யவே கூடாது, அங்கேயே எர்ரர். வெத்து ஸ்ட்ரிங்ல ஒரு ஐடி உருவாச்சுன்னா பேரு தெரியாதவங்க எல்லாரும் ஒரே ஆளாகி ஒரே கணக்குல சேந்துடுவாங்க, எங்களுக்கு ஒரு நாள் அப்படியும் ஆச்சு.

ஹேஷ் கணக்கு எப்படிப் போடுறதுங்கிறதுல ஆரம்பிக்கிறவங்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஒரே ஒரு லாங்னா லாங்கோட ஹேஷ்கோட், ரெண்டு மூணு ஃபீல்டுனா ஆப்ஜெக்ட்ஸ் கிளாஸ்ல இருக்குற ஹேஷ், போதும். எப்பவும் 1னு திருப்பிக் கொடுத்தாக்கூட சட்டப்படி தப்பில்ல, எல்லாரும் ஒரே மூலையில நெரிசல் பட்டுக்கிட்டு நிப்பாங்க, தேட நேரம் ஆகும், அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு, ரெண்டு நம்பர எக்ஸ்ஆர் பண்ணி, அதாவது பிட் பிட்டா ஒப்பிட்டுச் சேர்க்குற கணக்கு போட்டு விடாதீங்க. கிளை 3 உறுப்பினர் 5ம், கிளை 5 உறுப்பினர் 3ம் ஒரே ஹேஷாகிடும், ரெண்டும் ஒரே நம்பரா இருந்தா எல்லாத்துக்கும் 0 வரும். 31ஆல பெருக்கிக் கூட்டுனா அந்தத் தொல்லை இல்ல.

அப்புறம் ஹேஷ்கோட எடுத்து வெளிய எழுதி வைக்காதீங்க. முதல்ல பைத்தான்லதான் நான் எழுதினேன், பேரோட ஹேஷயே ரசீது நம்பரா அச்சடிச்சேன், பாக்க பெரிய நம்பரா கெத்தா இருந்துச்சு. கரண்ட் போயி லேப்டாப் திரும்ப ஆன் ஆனதும் பாத்தா அதே பேருக்கு வேற நம்பர். பைத்தான் 3.3ல இருந்து ஸ்ட்ரிங்கோட ஹேஷ் ஒவ்வொரு தடவை ஓடுறப்பவும் மாறும், வேணும்னே மாத்துறாங்க, இல்லன்னா வெளியில இருந்து ஒருத்தன் ஒரே மூலைக்குப் போற மாதிரி ஆயிரக்கணக்குல கீ அனுப்பி சர்வர படுக்க வச்சிடுவான். ஹேஷ் மேப்போட உள் விவகாரம், அந்த ஓட்டத்தோட சரி.

பெரியவங்களும் இதுல சறுக்கியிருக்காங்க. ஜாவால யூஆர்எல்னு ஒரு கிளாஸ் ஆரம்ப காலத்துல இருந்து இருக்கு, அதோட ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் அந்த வெப்சைட்டோட ஐபி அட்ரஸ நெட்ல போயி கேட்டுட்டு வந்துதான் பதில் சொல்லும். அப்ப நெட்டு இருந்தா ஒரு ஹேஷ், இல்லன்னா ஒரு ஹேஷ். நம்ம ஊர்ல நெட்டு இருக்குற லட்சணத்துக்கு அத மேப்ல கீயா வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்குப் பதிலா யூஆர்ஐ கிளாஸ் எடுத்துக்கோங்க, அது எழுத்த மட்டும்தான் பாக்கும்.

எழுதி முடிச்சதும் சின்னதா ஒரு டெஸ்ட் போட்டேன். ஒரே பேர மூணு விதமா அடிச்சு மூணு ஐடி செஞ்சா மூணும் ஈக்வல்ஸ்ல ஒண்ணாகுதா, ஹேஷும் ஒண்ணா வருதா, மேப்ல மூணையும் வச்சா சைஸ் 1னு காட்டுதா, உறுப்பினர் 417ம் ரசீது 417ம் ஒண்ணாகாம இருக்கா. அப்புறம் பழைய லிஸ்ட்ட மொத்தமா புது கிளாஸ் வழியா மறுபடி ஏத்துனேன். ஏழு பேரு ரெண்டு தடவை இருந்தாங்க, அதுல நாலு பேருதான் நெசமாவே ரெண்டு தடவை கட்டுனவங்க.

சௌந்தரம் அத்தை வீட்டுக்கு செக்ரட்டரி ஐயாவோட நானே போனேன், ரெண்டாவதா வாங்குன காச ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கிட்டு. அத்தை கவர பிரிக்கவே இல்ல. "அது என் மருமக பேர்ல எழுதிக்கோ தம்பி, அவ இன்னும் கட்டல"ன்னாங்க. மருமக பேரு என்னன்னு கேட்டேன். மௌனிகாவாம்.